பங்காளியின் கடன் மெலிகிறது

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். அந்தப் பக்கம் காற்று அடிக்கிறது, பேச்சைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பட்டாளத்தில் ஒருவன் சேர்ந்தால், எட்டாம் நாள் அவனுடைய கடனும் ரயிலேறி முகாமுக்கு வந்து சேரும். கையில் டிரங்குப் பெட்டியோடு வரும். வாசலில் கைநாட்டு வைத்து, இன்னாருடைய கடன் என்று சொல்லிவிட்டு உள்ளே வரும். ஆயிரம் ரூபாய்க்கு அரைக் கிலோ எடை. கழுத்தில் ஒரு சிலேட்டு தொங்கும். வாங்கினவனுடைய மார்க்கை அதில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள். தவணையை நாள் தவறாமல் கட்டினால் மார்க் ஏறும், தவறினால் இறங்கும். காலை ஓட்டத்தில் அவரவர் கடனை அவரவர் முதுகில் சுமந்து ஓட வேண்டும். ஒன்பதாம் மாதம் சத்தியம் எடுக்கிற அணிவகுப்பு. அன்றைக்கு அவனவன் கடன் அவனவன் உள்ளங்கையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சத்தியம் கிடையாது. கடனைத் தூக்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டியதுதான்.

குடியாத்தம் பக்கம் பாலூர்மேட்டிலிருந்து வேதகிரி என்று ஒருவன் அப்படிச் சேர்ந்தான். கூடவே அவன் பெரியப்பா மகன் பிச்சாண்டியும் சேர்ந்தான். பிச்சாண்டி பதினோரு நாள் மூத்தவன். அந்தப் பதினோரு நாளை வேதகிரி இன்னும் மன்னிக்கவில்லை. அண்ணன் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

பங்காளிக் காய்ச்சல் தெரியுமல்லவா, அதற்கு மாத்திரை கிடையாது. பிச்சாண்டி ஒரு செவ்வாய்க்கிழமை கடனுக்குச் சிவப்பு பைக் வாங்கினான். வேதகிரி புதன்கிழமை அதே கடையில், அதே கடனுக்கு, அதே சிவப்பு பைக் வாங்கினான். கூடுதலாக ஒரு கண்ணாடி வைத்துக்கொண்டான். ஆக, இருவர் கடனும் ஒருநாள் இடைவெளியில் பிறந்தவை. கடன்கள் பிறக்கும்போதே நாற்பது வயது. இரண்டும் சட்டைப் பையில் பேனா செருகி, ஒரே சாயலில், அண்ணன் தம்பி போல இருந்தன. அவையும் பங்காளிகள்தானே.

பிச்சாண்டியின் கடன் வந்து இறங்கியபோது நாற்பத்தைந்து கிலோ. வேதகிரியின் கடன் நாற்பத்தேழு. ஊரில் இருக்கும்போதே மூன்று தவணை விட்டிருந்தான்.

"ரெண்டு கிலோ எப்படி ஏறுச்சு?" என்று வேதகிரி கேட்டான்.

"நீதான் தம்பி ஏத்துன" என்றது கடன். பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

பிச்சாண்டி தினமும் தேநீர் வேளையில் தன் கடனை எதிரே உட்கார வைத்து, "இன்னிக்கி எவ்ளோ நிக்குது?" என்று கேட்பான். அது சொல்லும். அவன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மடித்துத் தொப்பிக்குள் வைப்பான். வேதகிரி தன் கடனைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டான். முகத்தைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை என்றான்.

முதல் மாதம் முடிந்ததும் பிச்சாண்டியின் கடன் ஒரு கிலோ இறங்கியது. அடுத்த மாதம் இன்னும் ஒன்று. ஓட்டத்தின்போது ஹவில்தார் தங்கய்யன் அதைச் சுற்றி வந்து பார்த்தார். நாகர்கோவில்காரர். லேசில் யாரையும் புகழ மாட்டார்.

"இவன் கடனப் பாருங்கலே. முதுகுல இருக்கதே தெரியல. ஒழுங்குன்னா இது ஒழுங்கு. லே வேதகிரி, ஒன் கடன் காலு தரையில இழுபடுது. அதுக்குச் செருப்பாவது வாங்கிக் குடு."

வரிசை சிரித்தது. பிச்சாண்டி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட வேதகிரிக்குத் தேவலை போலிருந்திருக்கும். அவன் பெரிய மனுஷன் மாதிரி நேரே பார்த்துக்கொண்டு நின்றான். அதுதான் வயிற்றில் போய் எரிந்தது.

பங்காளியின் கடன் மெலிந்த மாதிரி ஒன்றைக் கடையில் வாங்க முடியாது. போன் வாங்க முடியும். வேதகிரி அந்த ஞாயிற்றுக்கிழமையே தவணைக்கு நாற்பதாயிரம் ரூபாய் போன் ஒன்று வாங்கி, பிச்சாண்டி கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்து, சத்தமாகப் பாட்டு வைத்தான்.

கட்டிலுக்கு அடியில் பொத்தான் தெறிக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. கடன் இருபது கிலோ ஏறிவிட்டது. வயிறு பெட்டியில் இடித்ததால் வெளியே வர முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது.

மறுநாள் சாப்பாட்டு வரிசையில் பிச்சாண்டியின் கடன் புதுச் சட்டையோடு வந்தது. புதுச் சட்டை இல்லை, பழையதுதான். மெலிந்துவிட்டதால் தையல்காரரிடம் கொடுத்துப் பிடித்திருந்தது.

"இன்னா பங்காளி," என்று அது வேதகிரியின் கடனைக் கேட்டது. "ஒடம்பு பூசுன மாதிரி கீது. சாப்பாடு ஒத்துக்கிச்சா?"

வேதகிரியின் கடன் தட்டால் வயிற்றை மறைத்துக்கொண்டது. சட்டையை ஊக்கு போட்டு மூடியிருந்தது. அன்றைக்கு ஒரே கட்டிலில் இரண்டு பேருக்கு வயிறெரிந்தது, மேலே ஒருவர், கீழே ஒருவர்.

ஆனால் கீழே இருந்தது கெட்டிக்காரக் கடன். அது யோசித்தது. புத்தி சொன்னால் இவன் கேட்க மாட்டான். பெற்றவர் சொல்லியும் கேட்கவில்லை, ஹவில்தார் சொல்லியும் கேட்கவில்லை. இவன் கேட்கிற பேர் ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி," என்றது மறுநாள் பூட்ஸுக்குப் பாலிஷ் போடும்போது. "உன் பங்காளி பைக்க வித்துட்டாராமே."

வேதகிரியின் கை நின்றது. "யாரு சொன்னது?"

"எங்க ஆளுங்க பேசிக்கினாங்க. நல்ல விலைக்குப் போச்சாம். உனக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியுமே."

வேதகிரி எழுந்து போய் ஊருக்குப் பேசினான்.

"அப்பா, வண்டி இன்னா பண்ணுது?"

"அதுக்கு இன்னா, கொட்டாயில நிக்குது. மேல கோழி ஏறி உக்காந்துகினு கீது."

"கோழிய எறக்கிட்டு வண்டிய வித்துடு."

"நல்ல வண்டிடா. லீவுல வந்தா ஓட்டறதுக்கு."

"பிச்சாண்டி வித்துட்டான்ப்பா."

அந்தப் பக்கம் கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு பத்தொன்பது வருஷமாக நடக்கிறது.

"அப்ப நாம மட்டும் வெச்சிகினு சும்மா இருக்க முடியுமா?" என்றார் அப்பா. பொழுது சாய்வதற்குள் வண்டி ஐம்பத்திரண்டாயிரத்துக்குப் போய்விட்டது. கடனிலிருந்து இருபத்தாறு கிலோ இறங்கியது. ஊக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது.

உண்மையில் பிச்சாண்டி அதுவரை பைக்கை விற்கவே இல்லை. வேதகிரி வண்டி போன சேதி பெரியப்பா காதுக்கு எட்டியதும் அவர் முகாமுக்குப் பேசினார். பிச்சாண்டியும் மறுநாள் விற்றான். ஐந்நூறு ரூபாய் கூடுதலாகப் போனது.

வேதகிரிக்குத் தெரிந்தது அந்த ஐந்நூறு மட்டும்தான். இரண்டு வேளை சாப்பிடவில்லை.

கடன் பார்த்தது, பிடி கிடைத்துவிட்டது. பிறகு தினம் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

"பிச்சாண்டி பட்டன் போன்தான் வெச்சிருக்கார், கவனிச்சியா? சார்ஜு ஒரு வாரம் நிக்குதாம்." வேதகிரி புதுப் போனைச் சமையல்காரருக்கு இருபத்தெட்டாயிரத்துக்கு விற்றான். அதுவும் கடனுக்கே போனது. "பிச்சாண்டி சம்பளம் வந்த அன்னிக்கே, வேற எதுக்கும் எடுக்கறதுக்கு முன்னாடி கட்டுறார்." வேதகிரி, சம்பளம் வந்த நிமிஷமே பத்தாயிரம் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். அது பிச்சாண்டியின் காதில் விழுந்ததும் அவன் தவணையைப் பதினோராயிரம் ஆக்கினான். மாலையில் இரண்டு பேரும் கேண்டீனுக்கு வருவார்கள். எதிராளி எதுவும் வாங்காததைப் பார்ப்பார்கள். எதுவும் வாங்காமல் திரும்புவார்கள். பன் விற்கிறவர் அந்த நேரத்துக்குக் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுவார்.

ஒருநாள் கடன் சுவர்ப் பக்கமிருந்து தானாகத் திரும்பி உட்கார்ந்து சிலேட்டைக் காட்டியது.

"தம்பி, ஆம்பூர்ல தையல் மிஷின் தவணைக்கு வாங்கினியா?"

"எனக்குப் பொத்தானே தைக்கத் தெரியாது. இன்னாத்துக்கு?"

"இங்க ஒரு தப்புக் கோடு இருக்கு. தையல் மிஷினுக்கு நாலு தவணை விட்டதா உன் மார்க்ல கழிச்சிருக்காங்க. அது வேற யாரோ வேதகிரி. இதுவரைக்கும் நீ என் பக்கமே திரும்பலை, நான் எங்க காட்டறது?"

இரண்டு பேருமாக உட்கார்ந்து மார்க் போடுகிற ஆபீசுக்கு மனு எழுதினார்கள். கடன் சொல்லச் சொல்ல வேதகிரி எழுதினான். ஒரு மாதத்தில் அங்கிருந்து ஒருவர் ஈரத்துணியோடு வந்து அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டுப் போனார். மார்க் நாற்பது ஏறியது. பிச்சாண்டி அன்றைக்குத் தன் சிலேட்டை வெயிலில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பித் தப்பு தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அரைச் சப்பாத்தியோடு எழுந்துவிட்டான்.

ஆறாம் மாதம் பிச்சாண்டியின் கடன் தீர்ந்தது. மைதானத்தில் நின்றபடி இலேசாகி இலேசாகி, கடைசியில் மடித்த சட்டை ஒன்றும் 'பாக்கி இல்லை' என்கிற சீட்டு ஒன்றும் புல்லின்மேல் கிடந்தன. மரியாதையாக பியூகிள் ஊதினார்கள். மறுநாளிலிருந்து பிச்சாண்டி வெறும் முதுகோடு ஓடினான். வெறும் முதுகு எவ்வளவு அழகாக இருக்கும் என்பது பின்னால் ஓடுகிறவனுக்குத்தான் தெரியும். வேதகிரிக்குக் கண்ணில் நீர் கட்டியது.

"அழுவாத," என்றது முதுகிலிருந்து கடன். இப்போது அது பதினைந்து கிலோ, மூன்று வயசுப் பிள்ளை உயரம். "எனக்கும் அந்த பியூகிள் வேணும். ஓடு."

ஓடினான். மூன்று மாதம் ஓடினான்.

அணிவகுப்பு அன்று ஊரிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள். அதிகாரி வரிசையாக வந்தார். பிச்சாண்டி வெறும் உள்ளங்கையை நீட்டினான். அதிகாரி அதற்கு ஒரு நிமிஷம் விறைப்பாக நின்றார். வேதகிரியின் உள்ளங்கையில் அறுநூறு ரூபாய்க் கடன் நின்றது, முந்நூறு கிராம், கட்டைவிரல் உயரம். அதிகாரி குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துச் சிலேட்டைப் படித்தார். கடன் சல்யூட் அடித்தது. அவரும் அடித்தார்.

"சத்தியம் எடுக்கலாம்" என்றார்.

வேதகிரி சத்தியம் எடுத்தான். தங்கய்யன் பின்னாலிருந்து, "ரெண்டு பேரும் தப்பிச்சிட்டியலே" என்றார்.

ஆனால் பெரியம்மா பிச்சாண்டியின் வெறுங்கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஜனம் அந்தக் கையோடு நின்று போட்டோ எடுத்தது. சத்தியம் எடுத்த சந்தோஷம் வேதகிரிக்கு அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

வாசலில் டை கட்டிய கார் கம்பெனிக்காரர் ஒருவர் படிவங்களோடு நின்றிருந்தார். நல்ல மார்க் உள்ளவர்களை அவர்களுக்கு மோப்பத்தில் தெரியும்.

"உங்க மார்க்குக்கு ஒரு கையெழுத்து போதும் சார்" என்றார் பிச்சாண்டியிடம்.

பிச்சாண்டி ஓரக்கண்ணால் வேதகிரியைப் பார்த்தான். கையெழுத்துப் போட்டான். வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. அதற்குப் பின்னால் எட்டு லட்சத்துக்கான கடன், நானூறு கிலோ, தலையைக் குனிந்து வாசல் வளைவுக்குள் நுழைந்து, டிரங்குப் பெட்டியை இறக்கி வைத்தது.

"நல்லா வாட்டசாட்டமா கீறாரு" என்றாள் பெரியம்மா.

"உங்களுக்கும் அதே வெள்ளைதானே சார்?" என்று கம்பெனிக்காரர் வேதகிரியிடம் திரும்பினார்.

வேதகிரியின் கை தானாகப் பேனாவுக்கு நீண்டது. ஒன்பது மாத ஓட்டமும் அந்த ஒரு சாண் தூரத்தில் நின்றது. அப்போது கடன் அவன் முழங்கை வழியாக இறங்கி, மணிக்கட்டைத் தாண்டி, படிவத்தின்மேல் போய் நின்றது.

"உனக்குக் கார் வேணுமா, இல்ல அவர் கார் பக்கத்துல ஒரு கார் வேணுமா?"

வேதகிரி நேர்மையாக யோசித்தான். "பக்கத்துல ஒண்ணு நின்னா போதும்" என்றான்.

"அப்ப நகரு தம்பி. நான் போடறேன்."

கம்பெனிக்காரர் விசாரித்தார். கடன் தன் பேரில் இதுவரை யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை. விட்ட தவணை எதுவும் இல்லை. முழு மார்க். தன் சட்டைப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டது. காரின் அளவு, கையெழுத்துப் போடுகிறவர் அளவுக்குத்தான் வரும். பூட்ஸ் நீளத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. சாவியை முள்வாங்கியால் எடுத்துக் கொடுத்தார்கள். வேதகிரி காரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிச்சாண்டியின் கார் பக்கத்தில் வைத்தான்.

அப்பா குனிந்து பார்த்தார். "கோழி ஏறாது" என்றார் திருப்தியாக.

பிச்சாண்டி சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் குந்தி உட்கார்ந்தான்.

"இது எவ்ளோ குடிக்கும்?"

"ஒரு சொட்டு ஊத்துனா மதுரைக்குப் போய்ட்டு வரும்" என்றது கடன்.

பிச்சாண்டி எழுந்து தன் காரின் பெட்ரோல் மூடியைப் பார்த்தான். பிறகு நானூறு கிலோவைப் பார்த்தான். முகம் வாடிவிட்டது. வேதகிரிக்கு ஒன்பது மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது.

அந்நேரம் வாசலில் கடுகளவில் ஒருவர் கையில் பெட்டியோடு வந்து, கைநாட்டு வைத்து, கட்டைவிரல் உயரக்காரரின் கடன் என்று சொல்லிவிட்டு, நடந்து வந்து காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

வேதகிரியின் கடன் கதவைச் சாத்தியது. இன்டிகேட்டர் போட்டது. ஒருமுறை ஹாரன் அடித்து, கொஞ்சம் பின்னால் எடுத்து, நிதானமாக ஒடித்து, பிச்சாண்டியின் காருக்கு ஒரு விரற்கடை முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது.