வெட்டாத நான்கு நிமிடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. போன வாரம் என் அக்கா தன் ஹெட்போனை என் தலையில் மாட்டிவிட்டு, தான் பதிவு செய்த நான்கு நிமிட ஓசையைக் கேட்கச் செய்தாள். முடியும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எப்படிடா இருக்கு?" என்றாள். "பிரமாதம்க்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சரிக்கட்டத்தான் இவ்வளவு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

என்ன பொய் என்பதை நடுக்கதைவரை மறைத்து வைத்தால் உங்களுக்குச் சுவையாக இருக்கும் என்று தெரியும். எனக்குத்தான் வயிறு தாங்காது. அந்தப் பதிவு முழுக்க, காதோரம் கொசு பாடுவதுபோல் ஒரு மெல்லிய கீச்சொலி ஓடுகிறது. எனக்குக் கேட்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஞாயிறு காலை, சலவைக்கூடத்தின் இரும்புக் கதவு ஒரு பெருமூச்சோடு—"

கதவு பெருமூச்செல்லாம் விடாது. எண்ணெய் போடாத கதவு கிறீச்சிடும், அவ்வளவுதான். அடுத்து: "ஓசைகளின் அரசி என்று அவளை எல்லோரும்—" யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். கூப்பிட்டால் 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'சங்கு', ஆலைச் சங்கு. இயந்திரங்களுக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசி அவள் தொண்டை அப்படி ஆகிவிட்டது.

[இங்கே அக்கா பென்சிலால் ஓரத்தில் எழுதியிருப்பது: யார் சொன்னது சங்குன்னு? பேரைச் சொல்லு.]

இந்த அரைகுறை வாக்கியங்களை ஏன் அழிக்கவில்லை என்று கேட்பீர்கள். அது அவள் போட்ட நிபந்தனை. உன் போட்டியைப் பற்றி ஒரு கதை எழுதலாமா என்று கேட்டபோது துணி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எழுதிக்கோ. ஆனா எங்க போட்டி விதிதான் உனக்கும். ஒரே டேக். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. தப்பு வந்தா தப்பு அப்படியே இருக்கணும். முடிச்சதும் முதல்ல எனக்குத்தான் காட்டணும்."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்பது வீட்டுக்கு வந்து முதல் வரியை எழுதியபோதுதான் உறைத்தது. எழுதினால் அவள் படிப்பாள். படித்தால் தெரிந்துவிடும். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

3

போட்டியைப் பற்றிக் கொஞ்சம். தொழிலாக அல்லாமல் ஆசைக்காக ஒலியும் படமும் பதிவு செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கிறது. இதில் கலந்துகொள்கிறவர்கள் ஒரு தனி சாதி. கல்யாண வீட்டுக்குப் போனால் மணமக்களைப் பார்க்கமாட்டார்கள். மண்டபத்து மின்விசிறி எந்தச் சுதியில் சுற்றுகிறது என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், டாக்ஸி ஓட்டுகிறார். அவர் படப்பிரிவு. மழை பெய்யும்போது முன்கண்ணாடி வழியாகச் சிக்னலைப் படம் எடுப்பார். எல்லாம் ஆடும். கேட்டால், "ஆடுறதுல தான் மாப்ள உயிர் இருக்கு" என்பார். தோற்றால் அன்றைக்கே மறந்துவிடுவார்.

அக்கா அப்படியல்ல. ஒலிப்பிரிவில் வருடா வருடம் இரண்டாம் சுற்றுவரை போய் நின்றுவிடுவாள். நடுவர்கள் ஒரு வரிக் குறிப்பு அனுப்புவார்கள். ஒருமுறை 'காற்று உரசுகிறது' என்றார்கள். அடுத்த வருடம் காற்றே இல்லாத இடத்துக்குப் போனாள். 'பின்னணியில் இருமல்' என்றார்கள். அதற்கடுத்த வருடம் மாமாவை வீட்டை விட்டே அனுப்பினாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அவளுக்குப் பழமொழி அல்ல, வேலைத்திட்டம்.

இந்த வருடம் வரப்போகும் குறிப்பு எனக்கு இப்போதே தெரியும். அதை முகம் தெரியாத யாரோ எழுதி, அவள் எங்கோ பேருந்தில் நின்றபடி படிப்பாள் என்று நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. வரத்தான் போகிறது என்றால் அது என் கையெழுத்தில் வரட்டும்.

4

பதிவு செய்த நாள். 'வேலையிடத்து ஓசை' என்பது தலைப்பு. சலவை இயந்திரத்திலிருந்து வரும் ஈர விரிப்பு முறுக்கிக்கொண்டு கிடக்கும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, மேலே வீசி ஓர் உதறு உதறுவார்கள். உதறாமல் இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் விட்டால் சுருக்கம் அப்படியே வெந்து நின்றுவிடும். அந்த உதறலின் ஓசைதான் அக்காவுக்கு வேண்டியது. படார் என்ற அடி, அதன்பின் துணி காற்றை விட்டுவிட்டுக் கீழே இறங்கும் ஓசை, தரையில் துளிகள். வார நாட்களில் இயந்திர இரைச்சலில் இதை யாரும் கேட்டதே கிடையாது. அதனால் விடுமுறை நாளில், அனுமதி வாங்கி, தன் சாவியால் திறந்தாள்.

ஒரு முனையில் மாமா. மறுமுனையில் அக்காவோடு வேலை செய்யும் மைனா. மைனா என்பது பட்டப்பெயர். அவள் பேச்சை நிறுத்தினால் ஏதோ இயந்திரம் நின்றுவிட்டது என்று மெக்கானிக் ஓடிவருவார்.

"நாலு நிமிஷம்டி. வாயைத் தொறக்காத."

"நாலு நிமிஷமாக்கா? தூக்கத்துலயே நான் அவ்வளவு நேரம் பேசாம இருந்ததில்ல."

அக்கா ஒரு பெரிய மிட்டாயை அவள் வாயில் போட்டாள். மிட்டாய் பல்லில் உருளும் ஓசை அழகாகப் பதிவானது. அடுத்த டேக்கில் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த டேக் தேறியது. படார். படார். அக்கா ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கதவோரம் நின்ற நான் அவள் முகத்தில் அப்படி ஒரு நிறைவை அதுவரை பார்த்ததில்லை. அந்த நிறைவின் மேலேதான் ஒரு பழைய ட்யூப்லைட் முழுநேரமும் கீச்சிட்டுக்கொண்டிருந்தது. ஹெட்போனில் கேட்கும்வரை நானும் அதைக் கவனிக்கவில்லை.

*என் ஓரக் குறிப்பு: வருடா வருடம் ஹெட்போன் ஒலியை ஒரு புள்ளி ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். ஹெட்போன் பழசாகிவிட்டது என்று சொல்லிப் புதிதும் வாங்கினாள். இவ்வளவு வருடம் இரைச்சலில் வேலை செய்கிறவள் தன் காதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்திருக்கிறாள்.

5

மாமாவுக்கும் கேட்டிருக்கிறது. டாக்ஸியில் என்னைக் கூட்டிப்போகும்போது அவரே ஆரம்பித்தார்.

"கீச்சுன்னு ஒண்ணு ஓடுதே, கேட்டியா மாப்ள?"

"கேட்டேன். நீங்க சொல்லுங்களேன்."

"நானா? நான் சொன்னா வீடு ரெண்டாயிடும். நீ கூடப் பொறந்தவன். அடிச்சாலும் அதோட விட்டுடுவா."

பூனைக்கு மணி கட்டும் பொறுப்பு இப்படி என் தலையில் விழுந்தது. எழுத்தாளன் என்றால் வீட்டில் இதற்கு மட்டும்தான் மதிப்பு.

6

முடிவுகள் யோசித்தேன்.

ஒன்று: நான் சொல்லவே இல்லை. கடைசித் தேதிக்கு முன் அவள் அனுப்புகிறாள். நடுவர்கள் கீச்சொலியைத் துணிச்சலான உத்தி என்று எண்ணிப் பரிசு கொடுக்கிறார்கள். (காதில் பூ சுற்றும் வேலை. எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

இரண்டு: நான் சொல்கிறேன். அவள் கருவியைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து மௌனத்தின் இசையை— (இல்லை. என் அக்கா மௌனத்தைக் கேட்கிற ஆள் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் கம்பியில் தூசி இருக்கிறது என்று துடைக்க ஆரம்பித்துவிடுவாள்.)

இங்கே ஒரு சந்தேகம். இந்தக் கதையில் நம்பமுடியாத ஆள் நான்தான். அக்கா மனம் உடைந்துவிடுவாள் என்று நானே முடிவுகட்டி, அதற்காகப் பொய் சொல்லி, அந்தப் பொய்க்குப் பாசம் என்று பெயர் வைத்திருக்கிறேன். அவளைக் கேட்காமலேயே அவளை இவ்வளவு பலவீனமாக எழுதியது யார்?

மூன்றாவது முடிவு யோசிக்கவில்லை. இதுவரை எழுதிய பக்கங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

7

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு படித்தாள். முதல் வரியிலேயே பென்சில் நின்றது. நான் எழுந்து போகப் பார்த்தேன். "உக்காரு" என்றாள். கடைசிவரை படித்தாள். நடுவில் அந்தச் சங்கு விஷயத்துக்கு மட்டும் பென்சில் நகர்ந்தது.

"அவள் கண்களில் நீர்—" இல்லை. வரவில்லை. எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.

"எந்த எடத்துல கேக்குது?"

"அங்கங்க."

"அங்கங்கன்னா? பூசி மெழுகாத. நான் போடறேன். கேக்கறப்ப கையைத் தூக்கு. நின்னதும் எறக்கு."

ஸ்பீக்கரில் போட்டாள். கையைத் தூக்கினேன். இறக்க ஓர் இடம் கிடைக்காதா என்று காத்திருந்தேன். கிடைக்கவில்லை. தோள் கடுத்தது. நான்கு நிமிடமும் அவள் கருவியைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்தாள். பதிவு முடிந்த பிறகும் இறக்கத் தோன்றாமல் அப்படியே இருந்தேன்.

"எறக்குடா. மைனாவுக்குக் கேட்டிருக்குமா?"

"தெரியலக்கா."

"உங்க மாமாவுக்கு?"

சமையலறையில் மாமா குழாயை வேகமாகத் திறந்துவிட்டார்.

"ஓ. எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்றாள். கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள். "கொஞ்ச நாளா நீங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறீங்கன்னு நெனச்சேன்டா. எங்கிட்ட ஏதோ மறைக்கறீங்கன்னு. அதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. காதுதானா?"

எனக்குத்தான் அழுகை வந்தது. மறைக்காமல் அழுதேன். அவள் தண்ணீர்க் குவளையை என் பக்கம் தள்ளினாள்.

"திங்கக்கெழம காது டாக்டர்ட்ட போறேன். அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கெழம மறுபடி எடுக்கறோம். நீயும் வா. என் எதிர்ல நின்னு இப்ப மாதிரியே கையைத் தூக்கு."

"டாக்டர் முதல்லக்கா, பதிவு அப்புறம்..."

"கடைசித் தேதி ஞாயிறுடா."

8

ஞாயிறு. விளக்குகளை அணைத்து, ஜன்னல் வெளிச்சத்திலேயே எடுத்தோம். நடுவில் விரிப்பு, ஓரத்தில் ஒலிவாங்கி, அதன் பின்னால் அக்கா, அவளுக்கு எதிரே சுவரோடு சுவராக நான்.

முதல் டேக்கில் கையைத் தூக்கினேன். "எங்க?" என்றாள். செருகியபடியே விட்டிருந்த மாமாவின் செல்போன் சார்ஜர். பிடுங்கினாள். "மறுபடி." அடுத்து மாமாவின் செருப்பு. கழற்ற வைத்தாள். "மறுபடி." அதற்கடுத்து, எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கையில், மைனா கைக்குட்டையைத் துப்பிவிட்டு, "அக்கா, தம்பி கை இப்ப எறங்கித்தானே இருக்கு? நல்லாத்தானே போகுது?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். "மறுபடி."

மைனாவின் உள்ளங்கை சிவந்துவிட்டது. மாமா இடுப்பைப் பிடித்துக்கொண்டார். விரிப்பை மறுபடி நனைத்தார்கள்.

அடுத்த டேக்கைப் போல ஓர் ஓசையை நான் கேட்டதில்லை. ஒவ்வொரு உதறலும் கூரைவரை போய்த் திரும்பியது. மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. அப்போது மேலே, சுவரில் பதித்த மின்விசிறியை வெளிக்காற்று மெதுவாகத் திருப்பியது. கீச். ஒரே ஒரு கீச். விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் காதை அவள் முழுசாக நம்பியிருந்தாள்.

கையைத் தூக்கினேன்.

அவள் கோபப்படவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. ஓர் ஏணியை இழுத்துவந்து போட்டு, தானே ஏறி, விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஒரு பழந்துணியைச் செருகிவிட்டு இறங்கினாள். கையைத் தட்டிக்கொண்டே வந்து தன் இடத்தில் நின்றாள்.

"மறுபடி."

பதிவு அனுப்பியாகிவிட்டது. எத்தனையாவது டேக் போனது என்று சொல்லமாட்டேன். போட்டி முடிவு இன்னும் வரவில்லை. வந்தாலும் இங்கே கொண்டுவந்து சேர்க்க முடியாது. கருவியை நிறுத்திய பிறகு எதையும் ஒட்டக்கூடாது என்பது விதி.

ஆனால் இந்தக் கதைக்கும் எதிரே ஒருவர் நிற்கவேண்டும். எழுதியவன் காது எழுதியவனுக்குப் பழகிப்போன காது. எந்த வரியில் கீச்சிடுகிறது என்று எனக்குத் தெரியாது, அங்கே நிற்கிற உங்களுக்குத்தான் தெரியும். மரியாதைக்காகப் பேசாமல் போய்விடாதீர்கள். கேட்ட இடத்தில் கையைத் தூக்குங்கள். விரிப்பை மறுபடி நனைக்கச் சொல்கிறேன்.