தவளைவாயனுக்கு உகந்த மாதம்

ராஜஸ்ரீக்குத் தனக்கென்று வருஷத்தில் மூன்று நாள்தான் கிடைக்கும். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் கணவன் ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் சூடாமணி பாளையங்கோட்டையிலிருந்து வரும் மூன்று நாள். அதனால் பறவை பார்க்க எந்த மாதம் போவது என்பது அவளுக்குச் சின்ன விஷயமில்லை. மாதம் பிசகினால் வருஷமே போச்சு.

போன வருஷம் குளத்தூப்புழைக்கு மேலே, ஈற்றை மூங்கில் புதர்கள் அடர்ந்த காட்டில், தவளைவாயன் பறவை ஜோடி ஒன்றை அவள் கண்டாள். காய்ந்த சருகு இரண்டு கொம்பில் தொங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஒரு சருகு மெல்லக் கண் திறந்தது. உடன் வந்த வழிகாட்டி பிரஜினிடம், "யார்கிட்டயும் சொல்லாதே" என்று கேட்டுக்கொண்டாள். அவள் சொன்னது லிபியிடம் மட்டும்.

லிபி அலுவலகத்தில் பக்கத்து இருக்கை. சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். ஆனந்தகிருஷ்ணன் விழுந்த அன்று ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தவள், ஒன்பது நாள் ராஜஸ்ரீயோடு வராந்தாவிலேயே படுத்தாள். அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது?

இந்த வருஷம் இருவரும் சேர்ந்தே போவதாகப் பேச்சு. "பிப்ரவரியில போலாமா? அப்போதான் அதே கொம்புல கூடு கட்டி ஆண்பறவை பகலெல்லாம் முட்டைமேல உக்காந்திருக்கும்" என்றாள் ராஜஸ்ரீ.

லிபி முகத்தைச் சுளித்தாள். "எடி, அடைகாக்கும்போ நாம போய் முன்னால நிக்கலாமா? மார்ச்சு கடைசியில குஞ்சு வெளியே வந்திரும். அப்போ போவோம், கேட்டியா?"

தனக்கு இது தோன்றவில்லையே என்று ராஜஸ்ரீக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே சூடாமணியைக் கூப்பிட்டு ரயில் டிக்கெட்டை மாற்றச் சொன்னாள்.

புறப்படும் நாளன்று லிபிக்குக் காய்ச்சல். "நீ போய்ட்டு வாடி, எனக்கும் சேத்துப் பாரு" என்றாள் போனில். ராஜஸ்ரீ முதல் பஸ்ஸில் தனியாகப் போனாள்.

பிரஜின் அவளைக் கண்டதும் திகைத்தான். "சேச்சி இப்ப எதுக்கு வந்தீங்க? கூடு போயாச்சே."

"போயாச்சுன்னா?"

"பிப்ரவரியில லிபி சேச்சி ஆறு கேமராக்காரங்களோட வந்தாங்க. நீங்கதான் அனுப்பினீங்கன்னு சொன்னாங்க. உங்க பேரைச் சொன்னதால நான் காட்டிக் கொடுத்தேன்."

அவன் கூட்டிப்போய்க் காட்டினான். படத்துக்கு மறைக்கிறதென்று கூட்டைச் சுற்றியிருந்த தழைகளை வெட்டியிருந்தார்கள். வெட்டுவாய்கள் கறுத்திருந்தன. வெயில் நேரே விழும் அந்த வெற்றுக் கொம்பில் ஆண்பறவை இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததாம். மூன்றாம் நாள் இல்லை. முட்டையைக் காக்கை கொண்டுபோயிற்று.

ராஜஸ்ரீ அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அட்டை காலில் ஏறியதுகூடத் தெரியவில்லை. என் பேரையே திறவுகோலாக்கினாளே என்பதுதான் மனசில் திரும்பத் திரும்ப ஓடியது. மீதி இரண்டு நாளையும் வேண்டாமென்று அன்றைக்கே பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் கேட்டாள். "எனக்கு ஏண்டி மார்ச்சுன்னு சொன்னே?"

லிபி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "நீ வந்திருந்தா ஒரு இலையைக்கூடத் தொட விட்டிருக்க மாட்டே" என்றாள். "எத்தனை வருஷமா கேமராவைத் தூக்கிட்டு அலையறேன், ராஜி. எனக்குன்னு ஒரு நல்ல படம் வேண்டாமா?"

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

மறுநாள் ராஜஸ்ரீ வனத்துறைக்கு ஒரு கடிதம் எழுதினாள். தேதி, இடம், வெட்டிய கொம்புகள், வந்தவர்கள் என்று எல்லாம் எழுதினாள். லிபியின் பேரை எழுதும்போது அந்த ஒன்பது நாளும் கண்முன் வந்து நின்றன. இருந்தாலும் எழுதினாள். கடைசியில், யாரும் கேட்காமலே, "கூடு இருக்கும் இடத்தை வெளியே சொன்னவள் நான்தான்" என்று சேர்த்துக் கையெழுத்துப் போட்டாள்.

மே மாதம் லிபிக்கும் அந்த ஆறு பேருக்கும் காட்டுக்குள் நுழைய இரண்டு வருஷம் தடை வந்தது. உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு லிபி ராஜஸ்ரீயின் மேஜை முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"கூடவே இருந்து குழி பறிச்சிட்டியே, ராஜி."

லிபி தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு, ஜன்னலோரத்தில் காலியாகக் கிடந்த வேறொரு மேஜைக்குப் போனாள்.