உச்சியில் விழுந்த ஒன்று

வௌவால் ஆராய்ச்சிக்காக மலைக்குப் போன அக்கா தங்கை இருவரில் அடிவாரத்து வலை அக்காவுக்கு, உச்சி வலை தங்கைக்கு. மேலே போகப் போக வௌவால் வகைகள் குறையும் என்று தெரிந்தேதான் அக்கா முந்திக்கொண்டாள். பொழுது சாய்ந்தால் போதும், அவள் வலையில் சந்தைக் கூட்டம். தங்கையின் வலையில் வெறும் பனித்துளி.

"இன்னிக்கும் காத்து மட்டும்தானா?" என்று அக்கா தினமும் போனில் வம்புக்கிழுப்பாள்.

ஒரு விடியற்காலையில் உச்சி வலையில் ஒரே ஒரு வௌவால் விறைத்துக் கிடந்தது. செத்துவிட்டதென்றே தங்கை நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்காமல், அதைத் துணிப்பையில் போட்டு ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு, அழாத குறையாகக் கீழே இறங்கி வந்தாள்.

"அடப்பாவமே" என்று அக்கா வாயெடுக்கும்போதே தங்கையின் வயிற்றருகே கீச்கீச்சென்று ஒரே ரகளை. குளிரில் அசந்து தூங்கியதை ஸ்வெட்டரின் சூடு எழுப்பிவிட்டிருந்தது!

அக்கா பையைப் பிரித்து உற்றுப் பார்த்தாள். அவள் வலைக்கு வந்த அத்தனையிலும் இந்த மூஞ்சி இல்லை.

"பிடிச்ச எடத்துலதானே விடணும்? நானே கொண்டுபோறேன்டி. இனிமே உச்சி எனக்கு."

தங்கை சிரித்துக்கொண்டே ஸ்வெட்டரைக் கழற்றி நீட்டினாள்.

"இந்தாக்கா, போட்டுக்கோ. உனக்காக இல்ல, அதுக்குக் குளிரும்."