ஆறு பதினைந்திலிருந்து ஆறு இருபத்திரண்டு வரை

கடலூர் முதுநகர் ராஜவேல் சூரியன் உதித்ததும் தூங்கி, மறைந்ததும் எழுவான். சிதம்பரம் வெண்மதி அதே சூரியன் உதித்ததும் எழுந்து, மறைந்ததும் தூங்கிவிடுவாள். பிறந்ததிலிருந்தே அப்படித்தான், இடி விழுந்தாலும் நடுவில் விழிப்பு வராது. 2005 ஐப்பசியில் இந்த இரண்டு பேருக்கும் கல்யாணம் நடந்தது. பத்துக்குப் பத்துப் பொருத்தம் என்று எழுதிக் கொடுத்தவர் திருவதிகை ஜோசியர் உத்திராபதி. ராசி, நட்சத்திரம், ரஜ்ஜு எல்லாம் விசாரித்தவர், எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பெண் பார்க்கப் போன மதியம் மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் முடிந்த அசதி என்று சொல்லி அவன் போட்டோவைத்தான் கொண்டுபோனார்கள். முகூர்த்தம் விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. பெண் மணவறையில் தலை நிமிரவே இல்லை. இரண்டு அத்தைகள் இருபுறமும் தோள் கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா என்று மாப்பிள்ளை வீட்டார் உருகிப்போனார்கள். ஆறு ஐந்துக்குச் சூரியன் வந்தது. பெண் நிமிர்ந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டாள், மாப்பிள்ளை பால்பழத் தட்டின் மேலேயே சாய்ந்தான். இரண்டு வீட்டாரும் விஷயத்தை மறைத்திருந்ததால் யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியவில்லை. பந்தி நடந்தது. சாம்பார் நன்றாக இருந்ததாகச் சொல்கிறார்கள்.

ராஜவேலுக்குத் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் இரவு வேலை. வெண்மதி அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பகல் வேலை பார்த்தாள். சாயங்கால பஸ் தாமதமானால் ஆலப்பாக்கம் தாண்டும்போதே தூங்கிவிடுவாள். கண்டக்டர் நாலு பெண்களைப் பிடித்து அவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டதெல்லாம் வீணாய்ப் போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில்தான். ‘இட்லி மாவு புளிச்சிப் போச்சி, உங்க அம்மா பேச்சு மாதிரி’ என்று அவள் எழுதிவைத்தால், ‘எங்க அம்மாவ ஏன் இழுக்கற’ என்று பதில் வரப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஒரு சண்டை முடிய நாலு நாள், சமாதானத்துக்கு ஒரு வாரம். நேரில் ஒரு தடவையாவது அவனோடு சண்டை போட வேண்டும் என்பது வெண்மதியின் ஆசை. சிரிக்க வேண்டாம். கோபம் வந்தால் ஒருத்தன் மூக்கு எப்படி விடைக்கும் என்று தெரியாமல் அவனோடு குடித்தனம் நடத்துவது பெரிய துக்கம்தான்.

உத்திராபதியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். சித்திரை ஒன்று விஷு, அன்று இரவும் பகலும் சமம், சமமான நாளில் இரண்டு பேரும் சேர்ந்து விழித்திருப்பார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். 2006 சித்திரை ஒன்றில் உறவுக்கூட்டம் மொத்தமும் கூடத்தில் காத்திருந்தது. சூரியன் மறைந்தது, வெண்மதி மாமியார் மடியில் விழுந்தாள், ராஜவேல் எழுந்து இவ்வளவு செருப்பு ஏன் வாசலில் கிடக்கிறது என்று கேட்டான். மாமியார் தில்லையம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. “அடுத்த சித்திர வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்பிடியே இருந்தா அவ அவுங்க வூட்டுக்கே போவட்டும். எம் புள்ளைக்கு முழிச்சிருக்கற பொண்ணா நானே பாத்துக்கறேன்” என்றாள். அந்த ஒரு வருஷமும் வெண்மதி நாள்காட்டியில் தாள் கிழிக்கும்போதெல்லாம் அழுதாள்.

ஜெராக்ஸ் கடைக்கு வரும் இயற்பியல் ஆசிரியை எழிலரசிதான் காரணம் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார், பிறகு சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டார். “சித்திரை ஒண்ணு சமநாளா இருந்தது ஆயிரத்து எழுநூறு வருஷம் முன்னாடிம்மா. பூமி பம்பரமாட்டம் தலைய ஆட்டிக்கிட்டே சுத்துது. அதுல நாள் நவுந்து போயிடுச்சி, பஞ்சாங்கம் நவுரல. இந்த வருஷம் மார்ச் இருபத்தொண்ணு.” அதோடு விடவில்லை. அன்றைக்கும் பகலும் இரவும் சரிசமம் கிடையாது. காற்று வெளிச்சத்தை வளைத்து, சூரியன் வருவதற்கு முன்பே வந்ததாகவும், போன பிறகும் போகாததாகவும் காட்டும். அதிலும் சூரியனின் நுனி தெரிந்தாலே உதயம் என்று எழுதிக்கொள்வது நம் வழக்கம். ஆக, கடலூரில் பகல் ஏழு நிமிஷம் கூடுதல் என்று ஒரு பழைய வினாத்தாளின் பின்னால் படம் போட்டுக் காட்டினார்.

2007 மார்ச் 21, புதன்கிழமை, வெண்மதி கடைக்கு லீவு சொன்னாள். காலை ஆறு பதினைந்துக்குச் சூரியன் வந்தது, அவன் தூங்கினான். சாயங்காலம் அவன் பக்கத்தில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சரியாகப் பன்னிரண்டு மணி நேரம் முடிந்து ஆறு பதினைந்தானதும் ராஜவேல் கண்ணைத் திறந்தான். சமநாளில் அவன் உடம்பு கணக்கை நம்பியது, அவள் உடம்பு கண்ணை நம்பியது. ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது.

“நீ வெண்மதியா?”

“பின்ன வேற எவ வருவா? மொதல்ல அந்தத் தேங்கா எண்ண பாட்ல எங்க வெச்சீங்க, சொல்லுங்க.”

மூன்று நிமிஷம் சண்டை நடந்தது. அவன் மூக்கு விடைத்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். ஆறு இருபத்திரண்டுக்குத் தூங்கிப்போனாள்.

இருபத்து நாலு நாள் கழித்து, சித்திரை ஒன்று அன்று, பிரித்துவிடுவதற்காக உறவு கூடியது. உத்திராபதி சர்வஜித் வருஷப் பலன் வாசித்துக்கொண்டிருந்தபோது வெண்மதி வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது கூடத்துக்குப் புரிந்துவிட்டது. தில்லையம்மாள்தான் கேட்டாள்: “எம் புள்ள பகல்ல பொணமாட்டம் கெடக்கறான். இவ ராவுல பொணமாட்டம் கெடக்கறா. இது எப்ப நடந்துச்சி?” ஏழு நிமிஷக் கணக்கை வெண்மதி சொன்னாள். யாரும் நம்பவில்லை. நம்பவைக்க வேண்டியவன் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாயும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். தன் மானத்தைப் பற்றி அவன் சொல்லப்போகும் பதிலைத் தன் காதால் கேட்க முடியாதே என்பதுதான் அவளுக்கு ஆற்றாமை. “அவரு சொல்றத ஒரு எழுத்து மாத்தாம யாராச்சும் எழுதி வைங்க” என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள். உத்திராபதி பஞ்சாங்கத்தின் ஓரத்தில் எழுதினார். மறுநாள் காலை அதை வாசித்து வெண்மதி முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். எழுதியிருந்தது இதுதான்: ‘ஆமா, என் குழந்தைதான். ஏழு நிமிஷம் இருந்துச்சி. அதுல மூணு நிமிஷம் எண்ணெ பாட்லுக்குப் போச்சி. மீதிய உங்களுக்கு ஏன் சொல்லணும்?’

டிசம்பரில் பெண் குழந்தை பிறந்தது. தெரு விரல்விட்டு எண்ணிப் பார்த்து, கணக்கு சரியாக வந்ததால் சும்மா இருந்துவிட்டது. ஆசிரியையின் நினைவாக எழிலரசி என்று பெயர் வைத்தார்கள். சித்திரை ஒன்றின் பலன்தான் இது என்று உத்திராபதி இரண்டு வருஷம் சொல்லித் திரிந்தார். 2008இல் சித்திரை ஒன்று புத்தாண்டே இல்லை என்று அரசாங்கம் தள்ளிவைத்தது, 2011இல் மறுபடி சேர்த்துக்கொண்டது; சூரியன் இரண்டு உத்தரவையும் படித்ததாகத் தெரியவில்லை. குழந்தை தூங்கவே இல்லை. பகலில் அம்மாவோடும் இரவில் அப்பாவோடு ஐஸ் பேக்டரியிலும் இருந்தது, நன்றாகச் சாப்பிட்டது, எடையும் சரியாகவே ஏறியது. பேச்சு வந்ததும் அம்மா சொன்னதை அப்பாவிடமும், அப்பா சொன்னதை அம்மாவிடமும் தன் சரக்கையும் சேர்த்துச் சொன்னது. நாலு நாள் சண்டை ஒரே நாளில் முடிந்தது. வருஷத்தில் ஒரே ஒரு முறைதான் அது கண் மூடும்: சமநாளில் ஆறு பதினைந்திலிருந்து ஆறு இருபத்திரண்டு வரை.

இதனால் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து விழித்திருப்பதை எழிலரசி பார்த்ததே இல்லை. 2012 மார்ச் 20 அன்று எப்படியாவது பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். மதியத்திலிருந்தே முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டாள், பச்சை மிளகாயைக் கடித்தாள், அப்பா மார்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆறு பதினைந்துக்கு அவன் கண் திறந்தபோது அவள் அவன் மேலேயே குப்புற விழுந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாயில் மிளகாய்க் காம்பு இருந்தது. வெண்மதி அதை மெல்ல எடுத்தாள்.

“ரொம்ப ஆசப்பட்டுச்சிங்க. எழுப்பிப் பாக்கலாமா?”

“வேணாம். இது தூங்கறத நாம வேற எப்பப் பாக்கறது?”

அந்த ஏழு நிமிஷமும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல், கதவையும் சாத்தாமல், பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த டிசம்பரில் அந்த வீட்டில் யாரும் பிறக்கவில்லை.