முதல் வகுப்பில் துளசி மட்டும்

கூரம் கிராமத்தைத் தாண்டி, பஸ் திரும்பிப் போகிற இடத்தில் இருந்தது அந்தத் தொடக்கப்பள்ளி. போன வருஷம் வரைக்கும் ஐந்தாம் வகுப்பில் மூன்று பெண்கள் படித்தார்கள். ஜூன் பிறந்ததும் அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போய்விட, பள்ளிக்கூடத்தில் மிச்சமிருந்தது முதல் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த துளசி ஒருத்திதான். ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் காலையில் மஞ்சள் வேனில் ஏறி டவுனுக்குப் படிக்கப் போனார்கள்.

பிரார்த்தனையில் துளசியே பாடுவாள், துளசியே உறுதிமொழி சொல்லுவாள், பிறகு துளசியே வரிசையாக வகுப்புக்கு நடப்பாள். தலைமையாசிரியர் வெங்கடேசன் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். அவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறவர்.

ஏலவார்குழலி டீச்சருக்கு முதலில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி வீட்டில் அவளும் அம்மாவும் குடியிருந்தார்கள். சித்திரையில் அம்மா போய்விட்டாள். காரியம் முடிந்ததும் அண்ணன் ஓசூருக்குக் கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் காலையில் அவள் வாயைத் திறந்து பேசுகிற முதல் ஆள் பஸ் கண்டக்டர், இரண்டாவது துளசி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த இரண்டு பேரும் கிடையாது.

அதனால் சாயங்காலங்களில் உட்கார்ந்து விளையாட்டுச் சாமான் செய்தாள். சோப்பு அட்டைப்பெட்டியில் வெள்ளைக் காகிதம் ஒட்டிப் புள்ளி வைத்துத் தாயக்கட்டை. பாட்டில் மூடிகளில் உயிரெழுத்துகள். கீழ் வீட்டுத் தறிக்காரர் கொடுத்த பட்டு நூல் துண்டுகளில் அட்டைக் கிளிக்கு வால். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சு வைத்தால் பூ வந்தது. துளசி அந்தப் பூவை நோட்டில், சுவரில், டீச்சர் புடவை ஓரத்தில் எல்லாம் வைத்தாள். டீச்சர் அந்தப் புடவையைத் துவைக்காமல் பல நாள் மடித்து வைத்திருந்தாள்.

துளசிக்கு ரொம்பப் பிடித்தது மீன் பிடிக்கிற விளையாட்டு. காகித மீன்களின் வாயில் ஜெம் கிளிப்பு, குச்சி நுனியில் நூல், நூல் நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தம். பிடித்த மீனில் இருக்கிற எழுத்தை வாசித்தால் மீன் நம்முடையது. டீச்சர் தூண்டிலை மெல்ல ஆட்டிக்கொண்டே இருப்பாள். துளசிதான் நிறையப் பிடிப்பாள்.

ஆவணியில் ஒருநாள் துளசி தூண்டிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க வேணும்னே தோக்குறீங்க."

"இல்லடி. எனக்கு மாட்டவே மாட்டேங்குது."

"மாட்டுது. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன். நீங்க கைய இழுத்துக்கிறீங்க."

சரி என்று அன்றைக்கு டீச்சர் நிஜமாகவே ஆடினாள், ஜெயித்தும்விட்டாள். துளசி அழவில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. கை தட்டினாள். அத்தனை பெரிய அறையில் அந்த ஒரு ஜோடிக் கை தட்டிய சத்தம் மட்டும் கேட்டது. ஏலவார்குழலி "போதும்மா" என்று சொல்லி மீன்களை எடுத்து வைத்தாள்.

அடுத்த வாரம் காகிதக் கப்புகளில் டெலிபோன் செய்தார்கள். இரண்டு கப்பின் அடியிலும் துளை போட்டு, நடுவில் நூலைக் கட்டி, வராண்டாவின் இந்தக் கோடியில் டீச்சரும் அந்தக் கோடியில் துளசியும் நின்றார்கள். முதலில் "அலோ, அலோ" என்றார்கள். "இன்னிக்கு என்ன சாப்பாடு?" "முட்டை." இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே வெங்கடேசன் சார் கூப்பிட்டார் என்று டீச்சர் போய்விட்டுத் திரும்பி வந்தாள். தன்னுடைய கப்பு தரையில் கிடந்தது. நூல் தொங்கிப்போயிருந்தது. துளசி மட்டும் கப்பை வாயில் வைத்தபடி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வரியா? வந்தா உனுக்குத்தான் ஃபர்ஸ்ட் டர்ன். நான் அழுவமாட்டேன். மெய்யாலுமே."

"யாருகிட்டம்மா பேசறே?"

துளசி கப்பைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஜெயப்ரியா."

"அது யாரு?"

"எங்க தெருப் பொண்ணு. வேன்ல போவுமே, அது. சாய்ந்தரம் டியூசன் போயிடும். அது என்னாண்ட பேசாது டீச்சர். நான் சும்மா பேசுறேன்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபிக்குப் பாலை வைத்தவள், "அம்மா, உனக்குச் சர்க்கரை போடட்டுமா?" என்று கூடத்தைப் பார்த்துக் கேட்டாள். புதிதில்லை, தினமும் கேட்கிறதுதான். அன்றைக்குத்தான் அது தன் காதில் விழுந்தது. அடுப்பை அணைத்தாள். நமக்கு ஆள் இல்லாததற்கு அந்தக் குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றியது.

மறுநாள் வெங்கடேசன் சாரிடம் மெதுவாக ஆரம்பித்தாள். "சார், துளசியைப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல சேர்த்தா நல்லது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் வீடு வீடாப் போய் நின்னேன்மா. ஒரு புள்ளையும் வரல. இதுவும் போயிடுச்சுன்னா பூட்டுதான். மே வரைக்கும் ஓட்டிடலாம். நான் இந்த ஸ்கூலுக்கு வந்தப்போ இந்த வராண்டாவுல நடக்க இடம் இருக்காது, தெரியுமா?"

அவள் வகுப்புக்குத் திரும்பினாள். உண்மையைச் சொன்னால், பேசாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் அப்படியே போயின.

மழையில் துளசிக்குக் காய்ச்சல் வந்தது. வெங்கடேசன் சார் கூட்டத்துக்குப் போயிருந்தார். ஏலவார்குழலி காலி வகுப்பில் உட்கார்ந்து தான் வரைந்த பாம்பு ஏணிப் படத்தை விரித்தாள். தனக்கு ஒரு புளியங்கொட்டை, துளசிக்கு ஒரு புளியங்கொட்டை. தனக்காக ஒரு தடவை, துளசிக்காக ஒரு தடவை தாயக்கட்டையை உருட்டினாள். துளசியின் கொட்டை பாம்பு வாயில் விழுந்தபோது, வேண்டாம் என்று இன்னொரு தடவை உருட்டினாள். வெளியே மழை விட்டிருந்தது. விளையாட்டைப் பாதியில் மடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு துளசியின் வீட்டுக்கு நடந்தாள்.

துளசியின் அம்மா மஹாலட்சுமி வாசலில் தேங்கிய தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். "டீச்சரா! வாங்க வாங்க. இப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குது. உங்க பேச்சுதான் எப்பவும்."

"மஹாலட்சுமி, அவளைப் பக்கத்து ஊரு ஸ்கூல்ல சேர்த்துடும்மா."

மஹாலட்சுமி துடைப்பத்தோடு நின்றாள். "ஏன் டீச்சர்? சரியாப் படிக்கலியா?"

"நல்லா படிக்கறா. ஆனா சண்டை போடக்கூட அவளுக்கு ஆள் இல்லியே. அங்க முதல் வகுப்புல ஒரு ரூம் நெறைய பிள்ளைங்க இருக்குதுங்க. நம்ம மூணு பொண்ணுங்க அந்த பஸ்லதானே போவுதுங்க. அவங்களோட அனுப்பு."

"நீங்களே இப்படிச் சொல்றீங்களே. அப்புறம் உங்க ஸ்கூலு?"

ஏலவார்குழலி குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். "காய்ச்சல் விட்டதும் சொல்லி அனுப்பு, நானும் வரேன்" என்றாள்.

விஷயம் தெரிந்ததும் வெங்கடேசன் சார் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு மனசு வந்துச்சாம்மா?"

"வரல சார். ஆனா சொல்லிட்டேன்."

அவர் டி.சி.யில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பொங்கல் லீவு முடிந்து ஏலவார்குழலியும் மஹாலட்சுமியும் துளசியைக் கூட்டிக்கொண்டு புதுப் பள்ளிக்குப் போனார்கள். முதல் வகுப்பில் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து களிமண்ணில் எண்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். துளசி கதவோரம் டீச்சர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த வகுப்பு டீச்சர் அவள் கையில் ஒரு பிடி களிமண்ணைக் கொடுத்து உட்கார வைத்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பையன் அவள் செய்த எட்டில் ஒரு வட்டத்தைப் பிய்த்துத் தன்னுடையதில் ஒட்டிக்கொண்டான்.

"டேய், குட்றா என்னோட்த!" என்று துளசி கத்தினாள். அவன் தரவில்லை. இவள் எட்டிப் பிடுங்கினாள். இரண்டு பேர் இவள் பக்கம், மூன்று பேர் அவன் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ஒரே ரகளை. துளசி அத்தனை சத்தமாகப் பேசி ஏலவார்குழலி கேட்டதே இல்லை. வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். துளசி இந்தப் பக்கம் திரும்பவில்லை. மஹாலட்சுமியிடம் தலையசைத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

பள்ளியை அந்த மாதமே பூட்டினார்கள். வெங்கடேசன் சாரை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். ஏலவார்குழலியை டவுனில் ஓர் ஆபீஸில் போட்டார்கள். மற்ற பள்ளிகளுக்கு விளையாட்டுச் சாமான் தயார்செய்து அனுப்புகிற வேலை. பெரிய மேஜை, நல்ல கத்தரி, வண்ணக் காகிதம் கட்டுக்கட்டாக. மீன் வெட்டினாள், கிளி வெட்டினாள், பெட்டியில் அடுக்கினாள். எந்தப் பிள்ளை எந்த மீனைப் பிடித்தது என்று யாரும் வந்து சொல்லவில்லை.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை மனசு கேட்காமல் பஸ் ஏறி மஹாலட்சுமி வீட்டுக்குப் போனாள். துளசி தெருக்கோடியில் பிள்ளைகளோடு நொண்டி ஆடிக்கொண்டிருந்தாள். யாரையோ "அவுட்டு, அவுட்டு" என்று விரட்டினாள்.

"கூப்பிடட்டுமா டீச்சர்?"

"வேணாம்மா. ஆட்டத்துல இருக்கறா."

மஹாலட்சுமி டீ போட்டுக் கொண்டுவந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் துளசி போடுகிற சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஏலவார்குழலி சிரித்துக் கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. டம்ளர் காலியானது. அதைக் கீழே வைக்காமல் கையிலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் டீ இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.