ஏணியால் விழப்பட்டார்

1

இந்தக் கதை ஒரு பவர்பாயின்ட்டில் பிறந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கதை என்றால் டீக்கடையிலாவது பிறந்திருக்க வேண்டும். ஆனால் நடந்தது அதுதான். என் பதினான்காவது ஸ்லைடில் இருந்த தவறான ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து எழுபது பேர் சிரித்தார்கள். அதை எழுதியவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் வேறு மாதிரித் தொடங்கினேன்: "தூத்துக்குடித் துறைமுகத்தின் மேல் செங்கதிர்கள்..." வேண்டாம். நான் வகுப்பெடுத்த அறையிலிருந்து கடல் தெரியாது. அடுக்கிவைத்த கன்டெய்னர்கள்தான் தெரியும்.

2

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு, தன் ஊழியர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல்லித்தர ஆள் கேட்டது. சனிக்கிழமை மதியம் வகுப்பு, பதினெட்டுப் பேர். அவர்கள் செய்த பிழைகளையெல்லாம் எக்செல்லில் சேர்த்தேன். எங்கே பிழை அதிகமோ அங்கே பயிற்சி அதிகம். இதுதான் என் ஆராய்ச்சி. நல்ல நோக்கம்தான். ஆனால் வகுப்பு தேறத் தேற எனக்குக் கவலை வந்தது. கட்டுரைக்கு ஆயிரம் பிழை தேவை. அறுநூற்றுச் சொச்சத்தில் நின்றுவிட்டது.

சீனித்தாய் மட்டும் என்னைக் கைவிடவில்லை. நாற்பத்திரண்டு வயது, விளாத்திகுளத்துக்காரர். யார்டுக்குள் எந்தப் பெட்டி வந்தது, எது போனது என்று குறிக்கும் டாலி கிளார்க். பக்கத்துக்குப் பதினோரு பிழை. (இங்கே "வெள்ளந்தியான பெண்" என்று எழுதி அடித்துவிட்டேன். அவர் வெள்ளந்தி இல்லை. அப்படி இருந்தால் எனக்கு வசதி, அவ்வளவுதான்.)

3

ஒரு சனிக்கிழமை அவர் விபத்து அறிக்கை ஒன்றைக் கொண்டுவந்தார். கன்டெய்னர் கூரைகளைப் பழுதுபார்க்கும் சுடலைக்கண்ணன் விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். பார்த்த ஒரே ஆள் சீனித்தாய். வெளியூரில் இருந்த தலைமை அலுவலகம் ஆங்கிலத்தில் அறிக்கை கேட்டிருந்தது.

"ஹீ வாஸ் ஃபாலன் பை தி லேடர்" என்று எழுதியிருந்தார். தமிழில் சொன்னால், "அவர் ஏணியால் விழப்பட்டார்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செயப்பாட்டுவினைப் பிழைக்கு இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. போனில் படம் பிடித்துக்கொண்டு, சிவப்பு மையில் திருத்தினேன்: "ஹீ ஃபெல் ஃப்ரம் தி லேடர்." ஏணியிலிருந்து விழுந்தார்.

"சார், நான் சொன்னதும் இதும் ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். இதுதான் சரி."

(பதில் சொல்லுமுன் எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். யோசிக்கவில்லை.)

4

இந்தப் பிழைகளை வைத்து எங்கள் கல்லூரியில் நான் பேசிய கருத்தரங்கின் தலைப்பு "பிழையில் விளைந்த முத்துக்கள்". முத்து இல்லாமல் இந்த ஊரில் பேனர் அச்சாவதில்லை. கல்லூரி முதல்வர் ஹயக்ரீவன் யார்டு ஊழியர்களையும் சான்றிதழ் வாங்க அழைத்திருந்தார். ஸ்லைடில் பெயரை மறைத்திருந்தேன். அத்துடன் என் அறவுணர்ச்சி திருப்தியடைந்திருந்தது.

"ஏணி எப்போதிலிருந்து ஆளைத் தள்ள ஆரம்பித்தது?" என்றேன். ஒத்திகை பார்த்த நகைச்சுவை. அரங்கம் சிரித்தது.

சீனித்தாய் எழுந்தார்.

"எதுக்கு சார் எல்லாரும் சிரிக்காவ? ஏணிதான் தள்ளுச்சு. மேலருந்து மூணாம் படியில வெல்டிங் விட்டுக் கெடந்துச்சு. அண்ணாச்சி கால வச்சாவ, படி கழண்டுட்டு, ஏணி மறிஞ்சு அவியளத் தூக்கிப் போட்டுட்டு. அதத்தான் எழுதுனேன். நீங்க அவியளே விழுந்த மாதிரி மாத்திட்டிய."

"இலக்கணப்படி பார்த்தா..."

"அந்த எலக்கணத்த வச்சுத்தான், கவனமில்லாம விழுந்தாருன்னு போன வாரம் சஸ்பெண்ட் பண்ணிருக்காவ. 'ஏளா, நீ எழுதிக் குடுத்ததுதான'ன்னு அண்ணாச்சி எங்கிட்ட கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல?"

முதல்வர் மைக்கை வாங்கி, "இதுவல்லவோ உயிருள்ள ஆராய்ச்சி!" என்று கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

5

(முதல் வரைவில் நான் மேடையிலேயே மன்னிப்புக் கேட்டேன். அடுத்ததில் கண்கலங்கினேன். இரண்டும் பொய். பதினைந்தாம் ஸ்லைடுக்குப் போனேன்.)

இரண்டு நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. திங்கட்கிழமை யார்டுக்குப் போனேன். சீனித்தாய் புது அறிக்கை எழுதி வைத்திருந்தார். கை நீட்டினேன்.

"பாருங்க சார். பேனாவ மூடி வச்சுட்டுப் பாருங்க."

ஏழு பிழை. ஆனால் படி, வெல்டிங், தேதி எல்லாம் இருந்தன. வேலைக்குச் சேர்ந்து பதினாறு வருடத்தில் முதல்முறையாக ஒரு மாணவரிடம் கேட்டேன்: "இந்த வரியில நீங்க என்ன சொல்ல வாரீங்க?"

தமிழில் சொன்னார். "படி தாங்காம முறிஞ்சதுக்கு 'கேவ் வே'ன்னு ஒரு பிரயோகம் இருக்கு" என்றேன், அழகாக இருக்கட்டுமே என்று.

"கேவ்னா குடுத்துச்சுல்லா? வழி குடுத்துச்சா? விழுந்த மனுசனுக்கா?" கொஞ்சம் யோசித்தார். "வேண்டாம் சார். 'புரோக்' போதும்."

"தி ஸ்டெப் புரோக். தி லேடர் த்ரூ ஹிம்." படி உடைந்தது, ஏணி அவரைத் தூக்கி எறிந்தது. ஒரு பிழையும் இல்லை. என் எக்செல்லில் போட ஒன்றுமில்லை.

"இப்ப நீங்க ஒரு லெட்டர் எழுதணும் சார். மாத்துனது நீங்கன்னு."

6

எழுத உட்கார்ந்தேன். "ஒரு பிழை நேர்ந்துவிட்டது" என்று என் ஆங்கிலம் தானாகவே தொடங்கியது. குற்றமற்ற இலக்கணம், யார் செய்தது என்பது மட்டும் இல்லை. கிழித்தேன். "அவருடைய வாக்கியத்தின் பொருளை நான்தான் மாற்றினேன்" என்று எழுதக் காலை முழுவதும் ஆனது. முதல்வர் படித்துவிட்டு, கல்லூரியைப் பார்க்க விருதுக்குழு வரும் நேரத்தில் இது தேவையா என்றார். புது அறிக்கையோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை முதல் யார்டில் வகுப்பு இல்லை என்று தகவல் வந்தது.

தலைமை அலுவலகம் வைத்த விசாரணையில் அதிகாரி இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். சீனித்தாயை எதுவும் கேட்கவில்லை. உடைந்த படியைக் கொண்டுவரச் சொன்னார். உத்தரவு இரண்டு வாரத்தில் வரும் என்றார்.

7

சுடலைக்கண்ணனை மறுபடி வேலைக்கு எடுத்தார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். எடுக்கவில்லை என்று இன்னொன்று. இரண்டாவதில்தான் மொழி நன்றாக வந்திருந்தது. இரண்டையும் சீனித்தாயிடம் படிக்கக் கொடுத்தேன். அவர் பேனா கேட்டு வாங்கி, இரண்டையும் அடித்தார்.

"அஞ்சு வாரமாச்சு, இன்னும் ஆர்டர் வரல. வராதத எழுதாதிய சார். முடிஞ்சிட்டுன்னு நெனச்சு, படிக்கிறவியல்லாம் எந்திரிச்சுப் போயிருவாவ."