மாடிப்படிக் கேமரா

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியை. மனிதர்கள் எப்படியெல்லாம் புளுகுவார்கள், புளுகும்போது கை என்ன செய்யும், கண் எந்தப் பக்கம் ஓடும் என்று இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டுக்காரர் சொல்வார்: "உன் முன்னாடி நிம்மதியா ஒரு தும்மல் போட முடியுதா? நடிக்கிறேன்னு சொல்லிடுவே." அவர் தும்மலில் பாதி நடிப்புதான். அதையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே வேதியியல் துறையில் ஓர் ஆராய்ச்சி மாணவி மோசடி செய்துவிட்டாள் என்று புகார் வந்து, விசாரிக்க நாலு பேர் குழு போட்டபோது, என் பெயர் அதில் இருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. வேதியியலிலிருந்து ஒரு பெரியவர், வானியலிலிருந்து எப்போதும் பாதித் தூக்கத்தில் இருக்கும் ஒரு மனிதர், கல்வியியலிலிருந்து ஓர் அம்மா, அப்புறம் நான்.

அந்தப் பெண்ணை ஆய்வகத்தில் எல்லோரும் 'சொட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். எதையும் சொட்டுச் சொட்டாக எண்ணித்தான் ஊற்றுவாளாம். எட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துவிட்டு, முப்பத்து மூன்று வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான். இரண்டு மலிவான திரவங்களைக் கலந்து, மருந்து தயாரிக்க உதவும் ஒரு பொருளை உண்டாக்குவது. வழக்கமாக அதற்குத் தங்க விலை விற்கும் ஓர் உலோகத்தைத் துளி போடவேண்டும். இவளுக்கு அது இல்லாமலே வந்தது. கட்டுரை வெளியானது, கைதட்டினார்கள். பிறகு வேறு இரண்டு பல்கலைக்கழகங்களில் செய்து பார்த்தார்கள். கலங்கல் தண்ணீர்தான் மிச்சம். அவளுடைய பக்கத்து மேசைக்காரருக்கே வரவில்லை. இவளோ இருபத்தாறு முறை செய்தேன், இருபத்தாறு முறையும் வந்தது என்று எழுதியிருந்தாள். எனக்கு அந்த இடத்திலேயே மூக்கில் வியர்த்துவிட்டது. எங்கள் வீட்டுக் குழாய்கூட இருபத்தாறு நாள் சேர்ந்தாற்போல் ஒழுங்காக வந்ததில்லை.

எங்கள் கண்முன்னால் அவள் அதைச் செய்து காட்டட்டும் என்று முடிவானது.

"எல்லாம் புதுசா இருக்கட்டும்," என்றேன் நான். "குடுவை, குழாய், கலக்கி, திரவம், எதுவுமே அவ கை பட்டதா இருக்கக் கூடாது."

வானியல்காரர் கண்ணைத் திறந்தார். "எங்க ஆளுங்க வானத்துல புதுசா ஏதாச்சும் பார்த்தா, முதல்ல சந்தேகப்படுறது தொலைநோக்கியைத்தான் மேடம். அவங்க பழைய சாமான்லயும் ஒரு தடவை செய்யச் சொல்லுவோமே."

"பழைய சாமான்ல என்னத்தத் தடவி வச்சிருக்காளோ, யாரு கண்டா?"

கல்வியியல் அம்மா என் பக்கம் சாய்ந்தார். "காப்பியடிக்கிற பிள்ளைங்களை எட்டு வருஷம் பிடிச்சவ. எப்படி அடிச்சா மாட்ட மாட்டோம்னு அவளுக்குத் தெரியாதா?"

மூன்று முறை செய்தாள். நாங்கள் நாலு பேரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றி நின்றோம். மூன்று முறையும் வரவில்லை. மூன்றாவது முறை அவள் விரல்கள் நடுங்கின. நடுங்கியது என்று என் குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

"இனி என்கிட்ட விடுங்க," என்றேன்.

என் அறைக்கு மூன்று நாள் வந்தாள். முதல் நாள் முழுக்க ஒரே பாட்டு. "நான் ஏமாத்தல மேடம். எப்பவும் வரும். இப்ப ஏன் வரலைன்னு தெரியல." எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே, இவள் கதவு திறக்க எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள் என் அஸ்திரத்தை எடுத்தேன். வேதியியல் கட்டடத்தின் மாடிப்படியில் ஒரு கேமரா உண்டு. அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். போன வருடம் வெள்ளையடித்தபோது அதன் ஒயர் அறுந்து, இன்றுவரை ஒட்டப்படவில்லை என்பது அலுவலகத்துக்கும் எனக்கும்தான் தெரியும். கணினியில் ஏதோ ஒரு கோப்பைத் திறந்து, திரையை என் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன்.

"ஞாயித்துக்கிழமை மதியம். கட்டடத்துல ஆளே இல்ல. நீ கையில ஒரு சின்னக் குப்பியோட மாடி ஏறுறே. இதோ, பதிவாகியிருக்கு."

அவள் முகம் வெளுத்தது. "ஞாயித்துக்கிழமை போவேன் மேடம். குப்பி... குப்பியெல்லாம் கொண்டு போனதா..."

"அதே பொருளை வெளியில வாங்கி உன் திரவத்துல கொஞ்சம் கலந்திருக்கே. வேணும்னே செஞ்சேன்னு நான் சொல்லலம்மா. பதட்டத்துல செஞ்சிருப்பே, மனசு அதை மூடி வச்சிருக்கும். கண்ணை மூடு. படி ஏறு. கையில என்ன இருக்கு?"

கண்ணை மூடினாள். விரல்கள் எதையோ பிடிப்பதுபோல் மெதுவாக மடங்கின. "ஏதோ சில்லுனு இருக்கிற மாதிரி," என்றாள் கடைசியில்.

மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். கலந்தது உண்மை, இருபத்தாறு முறையும் அப்படித்தான் வந்தது என்று தன் கையாலேயே எழுதினாள். வாசல்வரை போய்த் திரும்பி, "எங்கம்மாகிட்ட என்ன மேடம் சொல்றது? அவங்கதான் என் பையனைப் பார்த்துக்கிட்டு என்னைப் படிக்க அனுப்பினாங்க," என்று கேட்டாள். உண்மையைச் சொல்லு என்றேன். அப்படிச் சொன்னதை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் பெருமை பீற்றிக்கொண்டேன். வீட்டுக்காரர் முழுவதையும் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்.

"அந்தச் சைக்கிள் ஆளுங்களுக்கு நீ செஞ்சதும் இதே வேலைதானே?"

சைக்கிள் ஆட்கள் என்றால் என்னுடைய பெரிய ஆராய்ச்சி. சிறு வயதில் பக்கத்து வீட்டுச் சைக்கிளை நீங்கள் திருடினீர்கள், உங்கள் வீட்டாரே சொன்னார்கள் என்று நாற்பது பேரிடம் பொய்யாகச் சொல்லி, கண்ணை மூடி நினைத்துப் பார்க்கச் சொன்னோம். திருடாத சைக்கிளின் நிறத்தைக்கூடப் பதினொரு பேர் சொன்னார்கள். அதற்கு விருது வாங்கி, மாலையோடு நின்று படமும் எடுத்துக்கொண்டேன்.

"அது ஆராய்ச்சி. இது விசாரணை," என்றேன்.

அவர் மடித்த பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். அதையும் நான் சந்தேகப்பட்டேன். என் திறமையில் பொறாமையோ என்று.

இரண்டு நாள் கழித்து வேதியியல் பெரியவர் போன் செய்து ஆய்வகத்துக்கு வரச் சொன்னார். அங்கே வானியல்காரரும் இருந்தார். அவளுடைய மேசை இழுப்பறையைப் பூட்டி முத்திரை வைக்கப் போனவர்கள், அதிலிருந்த பழைய சாமான்களை எடுத்து ஒரு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். வந்துவிட்டது.

பெரியவர் இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினார். மாத்திரை அளவில் ஒரு சின்னக் காந்தக் கலக்கி. குடுவைக்குள் போட்டால் அதுவாகச் சுழன்று திரவத்தைக் கலக்கும். வெள்ளையாக இருந்திருக்கவேண்டியது பழுப்பேறி, உடம்பெல்லாம் கீறலாக இருந்தது.

"இது அவளுக்கு முன்னாடி இருந்த சீனியரோடது. அவரு அந்த விலை கூடின உலோகத்தை வச்சே நாலு வருஷம் வேலை பார்த்தவரு. கீறலுக்குள்ள அது ஒட்டிக்கிட்டு இருக்கு. கழுவினாலும் போகாது. இத்தனூண்டு போதும்மா. உலோகம் இல்லாம வருதுன்னு அவ நெனச்சது தப்பு. ஆனா அவ ஏமாத்தல."

புதுக் கலக்கி கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. எல்லாம் புதுசா இருக்கட்டும் என்றவள் நான்தான்.

"அந்த வாக்குமூலம் ஃபைல்ல இருக்கிற வரைக்கும் நாம ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் அவர். "அவளே மறுத்து எழுதணும். நாளைக்கு அறிக்கை போயிடும்."

அவளை வரவழைத்தார்கள். அவள் எதிரிலேயே இன்னொரு முறை செய்தார்கள். ஊதா விளக்கின் கீழே சின்னத் தட்டில், பொருள் உண்டாகிவிட்டதைக் காட்டும் புள்ளி பளிச்சென்று தெரிந்தது. கலக்கியைப் பற்றிச் சொன்னதையெல்லாம் அவள் கவனமாகக் கேட்டாள். நல்ல டீச்சராக இருந்திருப்பாள் என்று தோன்றியது. பெரியவர் வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"முன்னாடி எழுதினது சரியில்லைன்னு ஒரு வரி எழுதிக் கொடும்மா. பட்டமும் போகாது, பேரும் கெடாது."

அவள் பேனாவைத் தொடவில்லை. "இன்னைக்கு வந்தது சரி சார். ஆனா அன்னைக்கு நான் கலந்தேனே."

இனி மறைக்க என்ன இருக்கிறது. "கேமரா வேலையே செய்யலம்மா," என்றேன். "ஒயர் அறுந்து ஒரு வருஷமாச்சு. நான் எதையும் பார்க்கல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முதலில் என் கையை, அப்புறம் கண்ணை. எனக்குப் பழக்கமான பார்வை. அதை வாங்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"இப்பச் சொல்றதுதான் பொய்யோ மேடம்? என்னைப் பார்த்தா பாவமா இருக்கா?"

"சத்தியமா இல்லம்மா. நீ ஒண்ணும் செய்யல."

"அதெப்படி மேடம்? எனக்குத்தான் ஞாபகம் இருக்கே. அன்னைக்கு நல்ல மழை. குடையை சிங்க்குல விரிச்சு வச்சேன். குப்பி மூடி கழலவே இல்ல, பல்லால கடிச்சுத் திறந்தேன். வாயெல்லாம் ஒரே கசப்பு."

மழையைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. குடை, பல், கசப்பு எதைப் பற்றியும் சொன்னதில்லை. பெரியவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வானியல்காரர் அன்று தூங்கவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்து அவள் கையில் திணித்தேன்.

"எழுதும்மா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கிறேன், எழுது."

அவள் பேனாவை மூடி, மெதுவாக என் பக்கம் தள்ளி வைத்தாள். "எட்டு வருஷம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லக் கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தவ மேடம் நான். ஒரு தடவை ஏமாத்தினது போதாதா? இப்பப் பொய் வேற எழுதிக் கொடுக்கணுமா?" என்றாள்.